தக்ளி முதல் செயற்கை நுண்ணறிவு வரை: பள்ளிச் செயல்திட்டத்தின் கதை

நம் காலனியில் பிள்ளைகள் படிக்கும் வீடு எதுவாயினும், அங்கே 'புராஜெக்ட்' என்னும் சொல் ஒலிக்காத வாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குமேல் சார்ட்டுத்தாளும் பசையும் தேடிக் கடைத்தெருவுக்கு ஓடியறியாத தந்தையும் நம்மிடையே அரியர். தாயார் படம் வரைவார். தந்தையார் கட்டுரை எழுதுவார். அண்ணன் தெர்மாகோலை அறுத்து எரிமலை செய்வான். யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அந்தக் குழந்தை பத்து மணிக்கே உறங்கிவிடும். மறுநாள் பள்ளியில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தால் வீடு முழுவதும் மகிழும். மகிழ்வதற்கு உரிமையும் உண்டு. உழைத்தது வீடு முழுவதும் அன்றோ!

இந்த உழைப்பும் இப்போது குறைந்துவிட்டது. கணினியிடமோ கைப்பேசியிடமோ ஒரு வரி எழுதிக் கேட்டால், கட்டுரையும் படமும் முடிவுரையும் ஒரு நிமிடத்தில் வந்து நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்று இதனை அழைக்கிறோம். பிள்ளைகள் இனிச் சிந்திக்கவே மாட்டார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். இனிப் பள்ளிக்கூடமே வேண்டுவதில்லை என்று சிலர் களிக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு செய்தியை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. செயல்திட்டம் என்பது நேற்றுத் தோன்றிய பள்ளிக்கூட வழக்கம் அன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. தமிழர் சிலருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் பாதையை நாம் அறிவோம். அப்பாதையில் இரவும் பகலுமாக நாம் உறங்கிக்கொண்டே கடக்கும் இரண்டு ஊர்கள் இக்கதைக்கு உரியவை: ஒன்று சேவாகிராமம், மற்றொன்று ஹோஷங்காபாத். அவ்விரண்டு ஊர்களிலும் நடந்தவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் வரலாற்றைச் சிறிது காண்போம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியில் கட்டடக்கலை பயின்ற மாணவர்களுக்கு, ஆலயம் ஒன்றையோ நினைவுச் சின்னம் ஒன்றையோ தாமே திட்டமிட்டு வரையும்படி பணி கொடுத்தனர். அதுவே கல்வியில் 'புராஜெக்ட்' என்னும் சொல் புகுந்த வாயில் என்பர். சிறு பிள்ளைகளின் பள்ளிக்கு அக்கருத்து வந்து சேர மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896-ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் சமைத்தனர், நெய்தனர், மரவேலை செய்தனர். அப்பள்ளியைப் பற்றி அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி சுவையானது. பிள்ளைகள் பருத்திக் காயிலிருந்து பஞ்சையும் விதையையும் தம் விரல்களால் பிரித்தெடுத்தனர். அரை மணி நேரம் முயன்றும் ஓர் அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. கம்பளி ஆடைக்குப் பின்னரே பருத்தி ஆடை பரவியதன் காரணம் அப்போது அவர்களுக்குத் தாமாகவே விளங்கிற்று. ஆசிரியர் அதனைச் சொல்லிக் கொடுக்கவில்லை. விரல் வலித்தது, அறிவு வந்தது.

டூயியின் வழிவந்த கில்பாட்ரிக் என்பார் 1918-ஆம் ஆண்டில் 'செயல்திட்ட முறை' என்னும் பெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளை தானே மனமுவந்து மேற்கொள்ளும் நோக்கமுள்ள செயலே கல்வியின் அலகு என்பது அவர் கொள்கை. அக்கட்டுரை உலகம் சுற்றிற்று. நம் நாட்டிலும் பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய கிராம ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1920-களிலேயே அம்முறையைக் கைக்கொண்டு பெயர் பெற்றது. 1924-இல் ரவீந்திரநாத் தாகூர் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்கென்று 'சிக்ஷா சத்திரம்' என்னும் பள்ளியைத் தோற்றுவித்தார். தோட்டமும் கைத்தொழிலும் அங்கே பாடநூலாக அமைந்தன. தில்லியில் டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் வளர்ந்த ஜாமியாவின் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளே கடையும் வங்கியும் நடத்திக் கணக்குக் கற்றனர். வார்தாவுக்கு முன்பே விதைகள் பல இடங்களில் விழுந்திருந்தன என்பதை இவற்றால் அறியலாம்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் வார்தா நகரில், மார்வாரி கல்விச் சங்கத்தார் நடத்திய பள்ளியில், காந்தியடிகளின் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடிற்று. மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் அப்போதுதான் பதவி ஏற்றிருந்தன. கட்டாயக் கல்விக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு மது வருமானம் வேண்டும். மதுவை ஒழிப்பதோ காங்கிரசின் விரதம். இந்த இக்கட்டிலிருந்து வெளியேற அடிகள் ஒரு வழி கூறினார். ஏழு ஆண்டுக் கல்வி முழுவதையும் தாய்மொழியில் ஒரு கைத்தொழிலின் வாயிலாகவே அளிக்கலாம். பிள்ளைகள் செய்யும் பொருள்களின் விலையே ஆசிரியரின் ஊதியத்தைப் பெரும்பாலும் தாங்கும் என்றார். இரண்டாவது பகுதி பலருக்கு அச்சம் தந்தது. பொருளாதார அறிஞர் கே. டி. ஷா, பள்ளிப் பிள்ளைகளின் உழைப்பு தொழிலாளியின் பிழைப்போடு போட்டியிடும் என்றும், அது ஒருவகை அடிமை வேலையாகும் என்றும் வெளிப்படையாகவே மறுத்தார். ஜாகீர் உசேன், அடிகளின் எதிரிலேயே, கல்வித்துறையில் உழைப்போருக்கு இக்கருத்து புதிதன்று என்றும், அமெரிக்காவில் செயல்திட்ட முறை என்றும் ரஷ்யாவில் வேறு பெயராலும் வழங்குவது இதுவே என்றும் எடுத்துரைத்தார். மறுத்துப் பேசியவர்களை அடிகள் ஒதுக்கிவிடவில்லை. பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு ஜாகீர் உசேனையே தலைவராக்கினார். ஷாவும் அக்குழுவில் ஓர் உறுப்பினரானார். இக்காலத்துக் குழுக்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அக்குழுவில் தமிழர் இருவர் இருந்தனர். ஒருவர் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்காய்வுத் தொழிலை விட்டுவிட்டு வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திவந்தவர். மற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான எட்வர்டு வில்லியம்ஸ் ஆரியநாயகம். தாகூரிடம் பல ஆண்டுகள் பணியாற்றி, 1930-இல் அவருடைய வெளிநாட்டுப் பயணத்திலும் உடன் சென்றவர். தாகூரின் பள்ளியையும் காந்தியடிகளின் ஆசிரமத்தையும் ஒருங்கே அறிந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். குழுவின் அமைப்பாளர் அவரே; அவர் துணைவியார் ஆஷாதேவியும் ஓர் உறுப்பினர். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் திட்டத்தை ஏற்று, இந்துஸ்தானி தாலீமி சங்கம் அமைந்தபோது, சேவாகிராமத்தில் அப்பணியைத் தோளில் சுமந்தவர்கள் இந்தத் தம்பதியரே. இப்பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? பெரியவர்களைக் கேட்டாலும் விடை பெரிதும் வேறாக இராது.

குழுவின் அறிக்கை 1937 டிசம்பர் 2-ஆம் நாள் முடிந்தது. அதிற்கண்ட நாட்பட்டியலை இன்று படித்தாலும் வியப்பு உண்டாகும். ஒரு நாளுக்குப் பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், இசை, சித்திரம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40, சமூக இயலுக்கும் பொது விஞ்ஞானத்துக்கும் 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளைக்கு 10. மூன்றேகால் மணி நேரம் நூல் நூற்றால் பிள்ளை படிப்பது எப்போது என்று அந்நாளிலேயே கேட்டனர். நூற்பதே படிப்பு என்பதுதான் விடை. தக்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்ற நூலை அளப்பதும், பஞ்சின் எடையையும் சேதாரத்தையும் குறிப்பதும், நூலின் நம்பரைக் கண்டறிவதும் கணக்கு. பருத்தி எந்த மண்ணில் விளைகிறது, எவ்வளவு மழை வேண்டும் என்பது பூகோளம். நம் நெசவாளர் எவ்வாறு நலிந்தனர் என்பது சரித்திரம். சுழலும் தக்ளி ஏன் உடனே விழுவதில்லை என்பது பௌதிகம். அன்றாடம் செய்ததை எழுதி வைப்பது மொழிப்பயிற்சி. ஒன்றோடொன்றை இவ்வாறு இணைப்பதே ஆதாரக் கல்வியின் உயிர்நாடி. சிக்காகோவில் பருத்திக் காயை உரித்த பிள்ளைகளுக்கும், பருத்தி விளையும் விதர்ப்பத்தில் தக்ளி சுழற்றிய பிள்ளைகளுக்கும் இடையே உள்ள உறவு இப்போது விளங்கும். ஒரு வேறுபாடும் உண்டு. சிக்காகோவில் அது சோதனை. சேவாகிராமத்தில் அது உடுத்தும் துணி.

துணியோடு அவர்கள் நிற்கவில்லை. சேவாகிராமத்துப் பள்ளியில் சமையலறையும் ஒரு வகுப்பாக இருந்தது. இத்தனை பேருக்கு, இத்தனை பணத்துக்குள், சத்துக் குறையாமல் உணவு எவ்வாறு சமைப்பது என்று பிள்ளைகளே கணக்கிட்டனர். சுகாதாரத்துக்கும் உணவுக்கும் தம்முள்ளே அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்தனர். சபை கூட்டி அவர்களைக் கேள்வியும் கேட்டனர். பருப்பில் உப்பு மிகுந்தால் உணவு அமைச்சரின் பாடு திண்டாட்டந்தான். இங்கே நாம் கருத்தில் இருத்த வேண்டுவது ஒன்று. அந்த விடை எந்த நூலிலும் இல்லை. அன்றைய காய்கறி விலையும், அன்று உண்ண வந்தோர் தொகையும், தோட்டத்தில் அன்று பறித்த கீரையும் அந்த ஊரில், அந்த நாளில் மட்டும் உள்ளவை. பிள்ளை கண்ணால் பார்த்து, கையால் அளந்து, பிறரோடு பேசித்தான் அறிய முடியும்.

குழுவின் அறிக்கையிலேயே ஓர் எச்சரிக்கையும் காணப்படுகிறது. பொருளாதார நோக்கம் மேலோங்கினால் கல்வி நோக்கம் பலியாகிவிடும் என்று உறுப்பினர்கள் அஞ்சினர். நடந்ததோ அதனினும் எளிய விபத்து. பொருளும் வரவில்லை, கல்வியும் வரவில்லை. தக்ளி மட்டும் மிஞ்சியது. சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்வியில் உண்மையான பற்றுக் கொண்டவர். 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் காந்திகிராமத்தை நிறுவினர். ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் பல ஊர்களில் தோன்றின. ஆயினும் சாதாரணப் பள்ளியில் நிகழ்ந்தது என்ன? நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சிலர் தக்ளி பீரியடை நினைவு கூர்வதுண்டு. பஞ்சு பெட்டியில் வரும், நூல் அறும், மணி அடிக்கும், அடுத்த பீரியடில் கணக்கு வாத்தியார் வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார். தக்ளிக்கும் கணக்குக்கும் இடையே ஒரு சுவர். இணைப்பதற்கு ஆசிரியருக்குப் பயிற்சியும் இல்லை, பொழுதும் இல்லை. ஆண்டு முடிவில் பரீட்சை பழைய பரீட்சையே. நூற்கும் பிள்ளை என்ன கண்டறிந்தான் என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

சென்னை மாநிலத்தில் வேறொரு காயமும் பட்டது. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். இடப்பற்றாக்குறையைத் தீர்ப்பது நோக்கம் என்று கூறப்பட்டது. ஆனால் வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் மண் பிசையவும் சட்டமா என்று கேட்டுத் தமிழ்நாடே கொதித்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்னும் பெயர் நிலைத்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். வார்தாத் திட்டமும் இத்திட்டமும் ஒன்றல்ல. வார்தாவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே தொழிலை ஒரே கூரையின்கீழ் கற்க வேண்டும். அங்கே அந்தணச் சிறுவனும் மலம் அள்ளும் பணியில் பங்கு கொண்டான். ஆயினும் கைவேலை என்றாலே ஏழையை ஏழையாக வைத்திருக்கும் சூழ்ச்சி என்னும் ஐயம் மக்கள் மனத்தில் வேரூன்றியது. அந்த ஐயத்துக்கு ஆதாரம் இல்லையென்று யாரும் கூற முடியாது. பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிகளில் தக்ளி எங்கே சுழன்றது? 

அடுத்து வந்தவற்றை விரைவாகக் கூறிவிடலாம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு 'வேலை அனுபவம்' என்று பெயரை மாற்றியது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி' என்று மற்றொரு பெயர் இட்டது. அதன் ஆங்கிலத் தலைப்பெழுத்துகள் நான்குக்கும் 'பயனுள்ள ஒரு பீரியட் வீணாயிற்று' என்று மாணவர் பொருள் கூறி நகைத்தனர். பெயர்கள் மாறின, மதிப்பெண் இடும் முறை மாறவில்லை.

மாற்றிப் பார்த்தவர்கள் ஒரு சிலர். அவர்களைக் காண நம் ரயில் பாதையில் சேவாகிராமத்திலிருந்து வடக்கே, நருமதைக் கரைக்கு வர வேண்டும். போபாலைத் தாண்டி, நருமதைப் பாலத்தைக் கடந்தவுடன் வரும் ஹோஷங்காபாத் நகரம் இப்போது நர்மதாபுரம் எனப்படுகிறது. ஊரின் ஓரத்தில் ரசூலியா என்னுமிடத்தில் குவேக்கர் சங்கத்தார் நடத்திய கிராம நிலையம் ஒன்று உண்டு. அதே மாவட்டத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தை விட்டு வந்த அனில் சத்கோபால் என்னும் விஞ்ஞானி 'கிஷோர் பாரதி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து 1972-இல் பதினாறு அரசாங்க நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானத்தைப் புதிய முறையில் கற்பிக்க மத்தியப் பிரதேச அரசிடம் அனுமதி பெற்றன. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பம்பாய் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து சோதனைகள் செய்து பார்த்தனர். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது பரவிற்று. 1982-இல் 'ஏகலவ்யா' என்னும் நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது.

அப்பள்ளிகளின் பாடநூலுக்குப் 'பால் வைஞானிக்' என்று பெயர். 'சிறுவர் விஞ்ஞானி' என்று தமிழில் கூறலாம். அந்நூலில் செய்யும் முறை இருந்தது, கேள்வி இருந்தது, விடை இல்லை. நால்வர் ஐவராகக் குழு சேர்ந்து, இலைகளைப் பறித்து வகைப்படுத்தியோ, விதையை முளைக்க விட்டோ கண்டதை ஒவ்வொருவரும் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினால்தான் பாடம் நிறைவு பெறும். ஆகவே பாடநூலின் பாதியைப் பிள்ளையே எழுதினான் எனலாம். இவ்வாறு கற்பவனைப் பழைய பரீட்சையில் உட்கார வைத்தால் ஆதாரக் கல்விக்கு நேர்ந்த கதியே நேரும் என்பதை அவர்கள் முதலிலேயே உணர்ந்தனர். அதனால் பரீட்சையையே மாற்றினர். பாடநூலையும் நோட்டுப் புத்தகத்தையும் தேர்வறைக்குள் கொண்டு செல்லலாம். பார்த்து எழுதத் தடையில்லை. பார்த்து எழுத அங்கே ஒன்றுமில்லை. கேள்விகள் யாவும் புதியன. இதனோடு கையால் செய்து காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு. நெட்டுருப் போட்டவன் திகைப்பான். செய்து பார்த்தவன் சமாளிப்பான். நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் பரீட்சையைத் திருத்தாமல் பாடத்தைத் திருத்த முடியாது என்பதைச் செயலில் காட்டிய பெருமை இவர்களுடையது என்பது எம் கருத்து.

அங்கே 'சவாலிராம்' என்று ஒருவர் இருந்தார். உண்மையில் அப்படி ஒருவரும் இல்லை; கேள்விக்கு இந்தியில் 'சவால்' என்று பெயராதலின் அவ்வாறு ஒரு கற்பனை மனிதரைப் படைத்தனர். பிள்ளைகள் தமக்குத் தோன்றிய ஐயங்களை யெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதுவர். திட்டத்தில் உழைத்தோர் அவர் பெயரால் விடை எழுதுவர். கேள்வி கேட்டால் பிரம்படி கிடைக்கும் வகுப்பறைகளே நாட்டில் மிகுதியாயிருந்த காலத்தில், கேள்வி கேட்பதற்கென்றே ஒரு தபால் முகவரி! 

இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் ஓர் அம்மையாரையும் இங்கே குறிப்பிடுதல் தகும். மார்ஜரி சைக்ஸ் என்பவர் 1928-இல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்து, வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியராகித் தமிழும் கற்றவர். பின்னர் சாந்திநிகேதனுக்கும், அடிகள் மறைந்த பின் சேவாகிராமத்துக்கும் சென்று ஆசிரியர்களைப் பயிற்றினார். நீலகிரியில் கோத்தகிரியிலும் வாழ்ந்தார். முதிய வயதில் ரசூலியாவில் சில ஆண்டுகள் தங்கினார். புதிய கல்வியின் கதையை ஒரு நூலாகவே எழுதி வைத்தார். வேப்பேரியையும் நருமதைக் கரையையும் இணைத்த அந்த வாழ்க்கையில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஹோஷங்காபாத் திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002-ஆம் ஆண்டில் மாநில அரசு அதனை நிறுத்திற்று. நாடெங்கும் விஞ்ஞானிகளும் கல்வியாளரும் வேண்டாம் என்று வேண்டினர், பயனில்லை. ஆங்காங்கே அதன் கருத்துகள் பிற பாடநூல்களில் கலந்தன. ஆனால் புத்தகம் திறந்து வைத்து எழுதும் அந்தப் பரீட்சை அம்மாவட்டத்துப் பள்ளிகளிலிருந்து மறைந்தது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2009-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 'தொடர் மதிப்பீட்டு முறை'யைக் கொண்டுவந்தது. 2017-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை மீட்டதோடு அதனைக் கைவிட்டது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் செயல்திட்டங்கள் மழையாய்ப் பொழிந்தன. நோக்கம் நல்லது, பிள்ளையை ஆண்டு முழுவதும் கவனிக்க வேண்டும் என்பது. ஆனால் நாற்பது ஐம்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஆசிரியர் எதைக் கவனிப்பார்? செய்து முடித்துக் கொண்டுவந்த பொருளைத்தான். பளபளக்கும் அட்டைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் காலனிக் கடைகள் பளபளக்கும் அட்டையை விற்றன. சூரியக் குடும்பம் ஒரு விலை, மழைநீர்ச் சேகரிப்பு ஒரு விலை. கணினி மையத்தில் அச்சடித்த பக்கங்கள் தனிக் கட்டணம். செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே செயல்திட்டத்தைப் பிள்ளையின் கையிலிருந்து நாம் வாங்கிவிட்டோம் என்பதை மறத்தல் ஆகாது.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இவ்வகைப் பொறி கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத் தகும் என்று கணித்து எழுதுவது. உலகம் இதுவரை எழுதி வைத்தவற்றில் அதன் புலமை பெரிது. 'மழைநீர்ச் சேகரிப்பின் நன்மைகள்' என்று கேட்டால் நம்மில் பலரினும் நன்றாக எழுதும். ஆதலால் அத்தலைப்பைப் பிள்ளைக்குக் கொடுத்து, வரும் தாளுக்கு மதிப்பெண் இடும் வழக்கம் இனிப் பொருளற்றது. கடை செய்த வேலையைப் பொறி இலவசமாகச் செய்கிறது, அவ்வளவே மாற்றம்.

ஆனால் நம் 'பி' பிளாக்கின் மாடித் தொட்டியிலிருந்து காலை ஆறு மணிக்கு வழிந்து வீணாகும் நீர் எத்தனை வாளி என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பொறிக்குத் தெரியாது. யாரும் அதனை எழுதி வைக்கவில்லை. ஒரு பிள்ளை வாளியும் கடிகாரமும் கொண்டு மாடியேறி ஏழு நாள் அளந்தால்தான் தெரியும். அளந்த பிறகு, ஏழு நாள் எண்களின் சராசரி காண்பதற்கும், படம் வரைவதற்கும், வேறு ஊர்களில் என்ன செய்தனர் என்று அறிவதற்கும் பொறியைத் துணைக்கு அழைப்பதில் குற்றமே இல்லை. ஹோஷங்காபாத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டு சென்றது போன்றதுதான் அது. ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். புத்தகம் பேசாமல் இருந்தது. இந்தப் பொறியோ கேட்டதற்கெல்லாம் தயங்காமல் விடை சொல்லும், சில சமயம் தவறாகவும் அதே மிடுக்குடன் சொல்லும். அளந்து பழகிய பிள்ளைக்கே அதன் தவறு புலப்படும். நாளொன்றுக்கு ஒரு தொட்டியிலிருந்து ஐம்பதாயிரம் லிட்டர் வழிகிறது என்று அது எழுதினால், வாளியைத் தூக்கிய சிறுவன் சிரிப்பான். தூக்காதவன் அப்படியே எழுதிக்கொண்டு போவான்.

அரசாங்கமும் இரு திசையிலும் நடக்கிறது. 2019-ஆம் ஆண்டிலேயே மத்திய வாரியம் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை ஒரு விருப்பப் பாடமாக வைத்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோ ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல், தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியோரிடம் சென்று வேலை பழக வேண்டும் என்கிறது. பத்து நாள் மிகச் சிறிது. அந்தப் பத்து நாளும் தச்சரோடு எடுத்துக்கொண்ட புகைப்படமாக முடிந்துவிடுமோ என்னும் கவலை நமக்கு உண்டு. தக்ளியின் கதையை அறிந்தவர்கள் கவலைப்படாமல் இருப்பது எங்ஙனம்? பிள்ளை தச்சரிடம் என்ன கேட்டான், மரத்தை ஏன் குறுக்கே அறுக்காமல் நெடுக்கே அறுத்தார் என்று கவனித்தானா என்பதை யாராவது கேட்டாக வேண்டும். பள்ளிக்கு நேரமில்லையாயின் வீட்டில் உள்ளோர் கேட்கலாம். அதற்குப் படிப்பறிவுகூட வேண்டுவதில்லை. நம் பாட்டிமார் இதில் வல்லவர்கள்.

சேவாகிராமத்தில் மூடிக் கிடந்த பள்ளி 2005-இல் 'ஆனந்த நிகேதன்' என்னும் பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் இன்றும் காய்கறி பயிரிடுகின்றனர், சமைக்கின்றனர், நூற்கின்றனர். ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஒருமுறை வழியில் இறங்கிப் பிள்ளைகளோடு ஆசிரமத்தையும் கண்டு செல்லலாம். சேவாகிராம் என்ற பெயராலேயே ரயில் நிலையம் இருக்கிறது. முன்னாளில் அதற்கு வார்தா கிழக்கு என்று பெயர்.

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களைக் காலனிப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டுரை வேண்டாம், அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களை அடித்தல் திருத்தலோடு அப்படியே அச்சிடலாம். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மாடித் தொட்டியின் நீர் ஒன்று. நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து, என்ன வேலைக்காக இங்கே வந்தன என்பது மற்றொன்று. அதனை இதுவரை எவரும் எழுதியதில்லை; விடை தெரிந்த முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். முருங்கைக்காய் சந்தையில் எந்த மாதம் என்ன விலை, அது எந்த ஊரிலிருந்து வந்து இறங்குகிறது என்பது இன்னொன்று. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு தீபாவளிக்குள் தொடங்கும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் வாங்கித் தர நாங்கள் சித்தமாயிருக்கிறோம்.